எனக்கு ரெண்டு வாரம், அவளுக்கு ஒரு வருஷமா?

கருப்பைவாய்ப் பரிசோதனை முடிவைச் சொல்லி மறுதேதி கொடுக்கும் வேலையில், சீக்கிரம் வா என்றாலும் சந்தேகம், மெதுவாக வா என்றாலும் சந்தேகம். போன் போட்டுத் திட்டு வாங்கும் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

போன்

மட்டாஞ்சேரி முகாமுக்கு வந்திருந்த மும்தாஜின் முடிவு சரியில்லை. புற்றுநோய் அல்ல; கவனிக்காமல் விட்டால் அப்படி ஆகக்கூடிய செல் மாற்றம். இரண்டு வாரத்துக்குள் டாக்டர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். மும்தாஜ் கொடுத்த நம்பர் கணவருடையது. டவுன் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். முடிவை அவரிடம் சொல்லக் கூடாது. மும்தாஜிடம்தான் பேசணும் என்றேன். "காலையில ஒருத்தன் பேங்குன்னான், இப்போ நீங்க ஆஸ்பத்திரியா? ஓடிபி கிடையாது, வைங்க போனை!"

சுக்கு குடோன்

மும்தாஜ் சுக்கு பொறுக்கும் குடோனுக்கே போனேன். அதே முகாமுக்கு வந்த செல்வியும் அங்கேதான் வேலை. செல்விக்கு இந்த மாற்றத்தை உண்டாக்கக்கூடிய வைரஸ் மட்டும் உண்டு, செல்லில் மாற்றமில்லை. ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும். இருவரையும் தனித்தனியாக அழைத்துச் சொல்லி, சீட்டும் கொடுத்தேன். நான் வாசலைத் தாண்டுவதற்குள் சீட்டுகளை ஒப்பிட்டுவிட்டார்கள். பின்னாலேயே செல்வி ஓடி வந்தாள். "இடுப்பு ஒடியிறது எனக்கு, கல்லு மாதிரி இருக்கறது அவ. சாம்பிள் பாட்டிலை மாத்திட்டீங்க, சேச்சி!"

அப்படியில்லை, இந்த மாற்றம் வலிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள்.

குறித்த நாள்

"மும்தாஜ்" என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தது செல்வி. எங்கள் தப்பை அவர்களே சரி செய்து, சீட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மும்தாஜ் எங்கே என்றேன். "அவளுக்கென்ன அவசரம்? ஒரு வருஷம் கழிச்சு வருவா."

பாட்டில்

இரண்டு வாரம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. எங்கள் முகாமில் பாட்டிலின் மேல் அவரவரே பெயர் எழுத வேண்டும். ஆய்வகத்தில் இருந்த இரண்டு பாட்டில்களையும் படம் எடுத்துக்கொண்டு மறுபடி குடோனுக்குப் போனேன். செல்வி தமிழில் எழுதியிருந்தாள். இங்கேயே படித்த மும்தாஜ் மலையாளத்தில். செல் மாற்றம் இருந்தது மலையாளப் பாட்டிலில்தான் என்றேன். மும்தாஜ் தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

கடைசி நாளில் கணவரோடு வந்தாள். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, பிறகு கெட்ட பகுதியையும் நீக்கினார்கள். நல்ல வேளை, புற்றுநோய் வரை போயிருக்கவில்லை. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கணும் என்று சீட்டை நீட்டினேன். மும்தாஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முழுசா எடுத்துட்டா எதுக்கு ஆறு மாசம்? எதையோ உள்ள விட்டிருக்கீங்க, சேச்சி."

எங்களை நம்ப வேண்டும் என்று இப்போதெல்லாம் யாரிடமும் கேட்பதில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே தேதிக்கு வந்தால் போதும்.