வார்ம்-அப் இல்லாமல் ஓடிய ஜெயா

பேத்துப்பாறை ஜெயா ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு காட்டுமாடு.

அதுவரை, நாற்பது வயது தாண்டியும், அவள் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். கொடைக்கானல் மலையில் இருந்த அந்த ஊருக்கு மேலே ஒரு விடுதியில் அறைகளைக் கூட்டிப் பெருக்கிப் படுக்கை விரிப்பது அவள் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா அப்பாவின் பேச்சிலிருந்து, முடியாது என்பதற்கு 'ஏலாது' என்ற ஒரு சொல் மட்டும் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. புருஷன் மகேந்திரன் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுகிறவன்.

அன்று காலை பனி விலகவில்லை. குறுக்குப்பாதை வளைவில் திரும்பினாள், எதிரே காட்டுமாடு. மாடும் இவளை எதிர்பார்க்கவில்லை. புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஜெயா ஓடினாள். விடுதியின் கல்சுவரைத் தாவும்போது இடது பின்தொடையில் சாட்டையால் அடித்தது போலச் சுளீரென்றது. சுவருக்கு அந்தப்பக்கம் விழுந்து, எழுந்து எட்டிப் பார்த்தாள். மாடு நின்ற இடத்திலேயே புல் மேய்ந்துகொண்டிருந்தது. வலியைவிட அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெருமாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"சுளுக்குத்தான்டி. நல்லா உருவிவிட்டா சரியாப் போகும்."

உருவினாள் என்று சொன்னால் போதாது. சப்பாத்தி மாவு பிசைந்தாள். விடிந்து பார்த்தால் தொடை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மகேந்திரன் மறுபேச்சுப் பேசாமல் ஜீப்பை எடுத்தான்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் தாரணி என்ற இளம் பிசியோதெரபிஸ்ட் காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை இவளிடமும் கேட்டாள்.

"ஓடுறதுக்கு முன்னாடி வார்ம்-அப் பண்ணீங்களாக்கா?"

"மாடு அதுக்கு நேரம் குடுக்கல டாக்டரம்மா."

தாரணி சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு விவரமாகச் சொன்னாள். குளிரில் விறைத்திருக்கும் சதையைத் திடீரென்று இழுத்தால் இப்படித்தான் கிழியும். புதுக் காயத்தை உருவவே கூடாது. முதல் ஓரிரு நாள் துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம், வலிக்காத அளவுக்கு நடக்கலாம். வலி குறைந்ததும் தொடைக்குப் பலம் கொடுக்கும் பயிற்சி. கடைசியில்தான் ஓட்டம்.

"ஓட்டமா? எனக்கு எதுக்கு? அதெல்லாம் ஏலாது."

"மறுபடியும் மாடு வந்தா?"

வலி குறைந்ததும் ஜெயா பயிற்சியைத் தொடங்கிவிட்டாள்.

மல்லாந்து படுத்து, காலை மடக்கி ஊன்றி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்க வேண்டும். அதுதான் பயிற்சி. விடுதியில் படுக்கை விரித்த கையோடு தரையில் படுத்து அதைச் செய்துகொண்டிருந்தபோது, மறந்துபோன சார்ஜரை எடுக்க வந்த சென்னைக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். பார்த்தார். "ஸாரி" என்று கதவைச் சாத்தினார். சார்ஜருக்காக அவர் திரும்பி வரவேயில்லை. வீட்டிலோ மகேந்திரன் வாசலில் நின்றே கேட்டான்: "ஏ புள்ள, பூசாரியக் கூட்டியாரட்டுமா?"

வலி முழுதும் போனபின், சமதரையில் மெதுவாக ஓடிப் பார்க்கச் சொன்னாள் தாரணி. பேத்துப்பாறையில் சமதரைக்கு எங்கே போவது? ரேஷன் கடை வாசலைத் தவிர மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அதனால் விடுமுறை நாளில் கொடைக்கானல் ஏரிச் சாலைக்குப் போனாள். சுடிதாரும் மகளின் பழைய ஷூவும் போட்டிருந்தாள். முதலில் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கினாள். பிறகு நாலு மின்கம்ப தூரம் ஓட்டம், நாலு மின்கம்ப தூரம் நடை. யாரும் துரத்தவில்லை. பஸ் எதுவும் கிளம்பவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் ஓடுவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த தடவை ஏரியை முழுதாகச் சுற்றினாள். அதற்கடுத்த தடவை சுற்றிவிட்டு, ஊருக்குப் போகும் இறக்கத்திலும் குதித்துக் குதித்து ஓடினாள். மறுநாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது.

"இப்ப எது தொரத்துச்சுக்கா?" என்றாள் தாரணி.

"ஒண்ணும் தொரத்தல. கால்தான் கேக்கல."

"தூரத்த ஒரேயடியாக் கூட்டுனா எலும்பும் சதையும் தாங்காது. வாராவாரம் துளித்துளியாத்தான் கூட்டணும். எறக்கம் இப்போதைக்கு வேண்டாம். வலி நிக்கிற வரைக்கும் ஓடாதீங்க. மொதல்ல இந்த ஷூவத் தூக்கிப் போடுங்க, அடியில மொழுக்குன்னு கெடக்கு."

புது ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கினாள். நடந்து நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும்போது அளவு பார்த்தால்தான் விரலை நெருக்காது என்றும் தாரணி சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் ஷூவை வாங்கி வைத்துக்கொண்டு ஓடாமல் இருப்பது சாதாரணமா? எலும்பு வலி அடங்கும்வரை அதைப் போட்டுக்கொண்டு விடுதிக்குள் நடந்தாள். முதலாளியம்மா பார்த்துவிட்டு, ஊரில் நடக்கவிருந்த பெண்கள் ஓட்டத்துக்குத் தானே அவள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

ஓட்டத்தன்று பாதி தூரம் அமர்க்களமாகப் போனது. ஏற்றத்தில் இடது தொடை லேசாகப் பிடித்து இழுத்தது. பழைய ஜெயாவாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருப்பாள். இவள் நின்றாள். நடந்தாள். ஓரத்தில் நின்ற மகேந்திரன், "ஓடு புள்ள, வெரசா ஓடு!" என்று கத்தினான்.

"கத்தாதீங்க. நடக்கிறதும் இதுல சேத்திதான்!" என்று கத்திவிட்டு, கையை வீசி நடந்தே போய் முடித்தாள். பின்னால் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போக முடிந்தது. அதில்தான் அவளுக்குப் பெருமை.

அங்கே கொடுத்த டி-ஷர்ட்டை மகேந்திரன் பிடுங்கிக்கொண்டான். அதைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பெண்டாட்டி ஓடிய கதையைச் சொல்கிறான். சீசன் முடிவதற்குள் அந்த ஓட்டத்தின் தூரம் மலையின் மறுகோடியில் இருக்கும் பூண்டி வரைக்கும் நீண்டுவிட்டது. ஜெயா காதில் விழுந்தாலும் திருத்துவதில்லை. அவளுடைய கவலையெல்லாம் வேறு: நாளைக்கு ஏரியைச் சுற்ற வேண்டும், மழை விட்டிருக்குமா?