பேரு மட்டும் போடாத

எங்கள் பங்குக் கோயிலுக்கு நூறாவது வருஷம் நெருங்கியபோது, புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை, எங்கள் பேச்சில் சாமியார், என்னைக் கூப்பிட்டு, "விழாவுக்கு ஒரு மலர் போடப்போறோம். பங்கோட வரலாற நீங்கதான் எழுதணும்" என்றார். நான் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஆனால் கொடியேற்றத்திலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை மைக்கில் பேசுவது நான்தான். "பேச ஆள் வேணும்னா அவன், நிறுத்த ஆள் வேணும்னா அவன் பொண்டாட்டி" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். இந்த வாய்க்கு ஏற்ற வேலை வந்தது என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

அது 2009ஆம் வருஷம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, பஸ் ரோட்டை விட்டு உள்ளே போனால் எங்கள் ஊர். காலனி முழுக்க வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மொபெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஜனங்கள் பேசியதைக் கேட்க எனக்குக் காது போதவில்லை.

பஞ்சத்தில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் மாட்டு வண்டியில் கஞ்சித் தொட்டியோடு வந்ததைச் சொன்னார் ஒரு பெரியம்மா, தானே கூட நின்று வாங்கிக் குடித்த மாதிரி. "கஞ்சிக்கு வேதத்துல சேந்தவங்கன்னு நம்மளச் சொல்றாங்களே, அந்தக் கஞ்சிய அவுங்க ஒரு வாய் குடிச்சிப் பாக்கணும்டா. புழு தின்னு மிச்சம் வச்சதுதான் நமக்கு." முதல் கோயில் ஓலைக் கொட்டகையாக இருந்ததும், அது எரிந்ததும், யார் எரித்தார்கள் என்று தெரிந்தும் யாரும் சொல்லாததும் அவர் வாயிலிருந்துதான் எனக்கு வந்தது. கிளம்பும்போது வாசல்வரை வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் எழுது. பேரு மட்டும் போடாத."

சிரித்துக்கொண்டே வந்தேன். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும். கோயில் கட்ட மண் சுமந்தவரின் பேரன் மணிக்கணக்கில் பேசிவிட்டு, "எங்க தாத்தா பேரா? அத எதுக்கு மச்சான் இழுக்கற, என் பையன் காலேஜ்ல படிக்கறான்" என்றார். அப்போது சிரிப்பு நின்றது. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மைக் பிடித்த சந்தோஷத்தில் அதை நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். காலனிக்காரன் இந்துவாக இருக்கும்வரை எஸ்.சி. வேதத்தில் சேர்ந்துவிட்டால் அது போய்விடும், அதோடு படிப்புக்கும் வேலைக்கும் கிடைக்கிற இடமும் போய்விடும். "டீக்கடையில நமக்குத் தனி கிளாஸ் வச்சானே, எந்த சாமியக் கும்புடறன்னு கேட்டா வச்சான்?" என்று எங்கள் பெரியப்பா ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் எங்கள் ஊரில் பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பேர். ஞானஸ்நானத்தில் வைப்பது கோயில் பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொல்வது ஸ்கூல் பேர். அது இந்துப் பேராக இருக்கும். சாதிச் சான்றிதழும் அந்தப் பேரில்தான். ஊரே அறிந்த ரகசியம் என்பார்களே, இது ஊர் மட்டுமே அறிந்த ரகசியம். வெளியே போகாதவரைக்கும்தான் உயிர்.

என் தங்கச்சி புருஷனைப் பறிகொடுத்தவள். நடவுக்கும் களைக்கும் போய் ஒரே பெண்ணைப் படிக்க வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர் வேலைக்குத் தேர்வாகியிருந்தது. ஆர்டர் மட்டும் வர வேண்டும். ஆர்டருக்கு முன்னால் சான்றிதழ் உண்மைதானா என்று விசாரணை வரும் என்றார்கள். அன்றிலிருந்து தங்கச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மொபெட் சத்தம் கேட்டால்கூட கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

ஒரு நாள் தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது என்று டீக்கடையில் யாரோ கிளப்பிவிட்டார்கள். நிஜமா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. காலையிலேயே என் மைக்செட் ஷெட்டுக்கு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் புடவைத் துணியில் சுற்றிய ஒரு பொருள். திரு இருதயப் படம், மாதா படம், அந்தோணியார் படம். எல்லாம் கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டி வைத்திருந்தவை.

"மாமா, உங்ககிட்ட இருக்கட்டும். உங்களுக்கு இன்னா, சொந்தத் தொழில்."

உண்மைதான். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, கவர்மெண்ட் வேலையும் இல்லை. பறிகொடுக்க ஒன்றுமில்லாதவன் ஊரில் நான் ஒருவன்தான். பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர்களின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே படங்களை அடுக்கி, மறுபடி ஸ்க்ரூ போட்டு மூடினேன். தங்கச்சியும் அவள் வீட்டு மாதா படத்தைக் கொண்டுவந்தாள். அவள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. கொடுக்கும்போது படத்தின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஆள் வந்தது வதந்தி கிளம்பிய அன்றைக்கு அல்ல. எல்லோரும் அலுத்துப்போய் மறந்திருந்த ஒரு மத்தியானம் வந்தார். நடுத்தர வயது, கையில் ஒரு ஃபைல், நெற்றியில் வியர்வை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள் தங்கச்சி. நான் போனபோது அவர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி பெண், என் மருமகள், சுவரோரம் நின்றாள். நெற்றியில் பொட்டு. பழக்கமில்லாத கை அவசரத்தில் வைத்தது, கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை நேராக்கச் சொல்ல என் வாய் துடித்தது.

"உங்க வீட்டு சாமி எதும்மா?"

"மாரியம்மா சார்" என்றாள் தங்கச்சி. அவர் கேள்வியை முடிக்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

அவர் சுவரைப் பார்த்தார். ஒரு பக்கத்தில் மளிகைக் கடை முருகன் காலண்டர், நேற்று மாட்டிய மாதிரி மொடமொடவென்று தொங்கியது. எதிர்ச் சுவரில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே, புகையும் தூசியும் ஏறிய சுவரில், சதுரமாக ஒரு இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. படத்தை எடுக்கத் தெரிந்த எங்களுக்குப் படம் இருந்த இடத்தை எடுக்கத் தெரியவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் ஒரு கோழி கத்தியது.

"வெள்ளையடிச்சி ரொம்ப நாளாச்சு போல" என்றார் அவர். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு சொம்பைக் கீழே வைத்தார். "அடிச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

"அவரு சொன்னது நல்லதுக்கா கெட்டதுக்கா அண்ணே?" என்று தங்கச்சி அன்றைக்கு முழுக்கக் கேட்டாள். மறுநாளே சுண்ணாம்பு வாங்கிவந்து நானே அடித்தேன். இரண்டு கை அடித்த பிறகும் அந்தச் சதுரம் எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

இந்தக் கலவரத்தில் மலரை நான் மறந்தே போனேன். சாமியார் மறக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த வரைக்கும் எடுத்துக்கொண்டு, போட்டோக்களையும் தானே பொறுக்கி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். பிழை பார்த்துவிட்டு வரச் சொன்னதால் சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், கீழே சைக்கிள் கடை, மாடியில் அச்சகம். உள்ளே நுழைந்ததும் கம்ப்யூட்டர் திரையில் அட்டைப் படம். முக்காடு போட்டுக்கொண்டு, பைபிளில் விரல் வைத்து வாசகம் வாசிக்கும் ஒரு பெண். என் மருமகள். கீழே அவள் கோயில் பேர், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஸ்கூல் பேர்.

"நல்லா வந்திருக்கு இல்ல சார்?" என்றான் அச்சகத்துப் பையன். "ஃபாதர் ரெண்டு பேரையும் போடச் சொன்னாரு, அடையாளம் தெரியணுமாம்."

மருமகளின் விசாரணை ஃபைல் இன்னும் ஏதோ ஒரு மேஜையில் இருக்கிறது. இந்தப் புத்தகம் கடலூர் வரைக்கும் போகும். வெளியூர் விருந்தாளிகள் எல்லோர் கையிலும் இருக்கும். பஸ்ஸில் விட்டுவிட்டுப் போவார்கள், பழைய பேப்பர் கடைக்குப் போகும், பஜ்ஜி மடிக்கப் போகும். அட்டைப் படம் எந்தக் கண்ணில் படும் என்று யார் சொல்ல முடியும்? நான் சொல்லும்வரை அச்சடிக்காதே என்று அந்தப் பையன் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு ஓடினேன்.

சாமியார் வீட்டில் சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றே பேசினேன். அவர் வெளி மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர். இந்தப் பயம் அவருக்குப் பழக்கமில்லை.

"வேதத்துக்காக உயிரக் குடுத்த வேதசாட்சிங்க, தங்க பேரைச் சொல்லப் பயந்தாங்களா?" என்றார்.

"வேதசாட்சிங்களுக்கு கவர்மெண்ட் வேலைக்கு ஆர்டர் வரல சாமி."

அவர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தார். "நூறு வருஷம் கழிச்சி ஒருத்தன் இந்தப் புஸ்தகத்தப் பாத்தா, இங்க யாருமே இல்லன்னு நினைப்பானே. கட்டடம் மட்டும் இருந்துதுன்னு நினைப்பானே. அது பரவாயில்லையா உங்களுக்கு?"

அவர் கேட்டது நியாயம். அந்த நியாயத்தோடு தங்கச்சியின் முகத்தை வைத்துப் பார்த்தேன். "நூறு வருஷம் கழிச்சி வர்றவன் நினைச்சிக்கட்டும் சாமி. அந்தப் பொண்ணு அடுத்த மாசம் சாப்பிடணும்" என்றேன்.

மறுநாள் காலையில் அவரே பைக்கில் சிதம்பரம் போனார். மலர் வந்தபோது அட்டையில் கோயில் மணிக்கூண்டு இருந்தது. உள்ளே மனித முகமே இல்லை. கஞ்சி குடித்தது 'ஒரு குடும்பம்', மண் சுமந்தது 'ஒரு முதியவர்', காலராவில் பிள்ளைகளைப் புதைத்தது 'ஒரு தாய்'. திருவிழா அன்று கோயில் வாசலில் உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவர்கள் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். "அந்தக் குடும்பம் நாங்கதான்" என்று பெரியம்மா பக்கத்திலிருந்தவள் காதில் மட்டும் சொன்னார், சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு.

ஆர்டர் வந்தது. விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பயம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். வேலை கிடைக்காத பயம் போய், கிடைத்த வேலை போய்விடும் என்ற பயம் வந்தது. இரண்டாவது பயம்தான் ஜாஸ்தி. மருமகள் அங்கே கோயிலுக்குப் போவதில்லை. லீவில் ஊருக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பூசை முடியும் முன்னே எழுந்துவிடுவாள். நெற்றியில் பொட்டு இப்போது நேராக இருந்தது.

படங்களைப் பாதிப் பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். பாதிப் பேர் வரவில்லை. தங்கச்சியும் வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும் அண்ணே." ஆடி மாசம் பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் அந்த பாக்ஸ்களை வைத்து அம்மன் பாட்டுப் போட்டால், மேளச் சத்தத்துக்கு உள்ளே கண்ணாடிகள் டரடரவென்று அதிரும். "பாக்ஸு கிழிஞ்சிடுச்சா மச்சான்?" என்பார்கள். "ஆமா மச்சான், மாத்தணும்" என்று சவுண்டைக் குறைப்பேன்.

2011 கடைசியில் புயல் அடித்தது. கடலூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன புயல். என் ஷெட்டின் தகரம் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. மழை நின்றதும் ஊறிப்போன பாக்ஸ்களைப் பிரித்தேன். வேறு வழியில்லை, படங்கள் நாசமாகிவிடும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தெருவோரச் சுவரில் சாய்த்து வெயிலில் வைத்தேன். மாதாக்கள், இருதயங்கள், அந்தோணியார்கள், வரிசையாக. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். இது எங்களுடையது என்று யாரும் கிட்டே வரவில்லை. பள்ளிக்கூட லீவில் வந்திருந்த மருமகளும் அவள் அம்மாவும் சாய்ந்துபோன முருங்கை மரத்தடியில் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? சேதக் கணக்கு எடுக்க ஜீப்பில் ஆபீசர்கள் இறங்கினார்கள். ஒரு இளம் வயதுக்காரர் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து, படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"யாருதுங்க இதெல்லாம்?"

மருமகள் ஒரு அடி முன்னால் வந்தாள். என்ன சொல்ல வந்தாளோ. தங்கச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தது தெரிந்தது.

"என்னுது சார்" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாமே சார். எனக்குக் கொஞ்சம் பக்தி ஜாஸ்தி."

அவர் பேனாவை நிறுத்தினார். "இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் கிறிஸ்டியனா?"

"நான் ஒருத்தன்தான் சார்."

சிலுவை வளைந்து நின்ற மணிக்கூண்டை அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒருத்தருக்கு அவ்ளோ பெரிய கோயிலா?"

"விசாலமா இருக்கும் சார்."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. எதையோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஜீப் ரோட்டில் ஏறுகிறவரை யாரும் அசையவில்லை.

பிறகு மருமகள் வந்தாள். வரிசையில் அவர்கள் வீட்டு மாதாவை எடுத்து, கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். மூலையில் ஈரம் ஏறி நீல அங்கி வெளுத்திருந்தது. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எடுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்து நான் வழி விட்டேன். அவள் எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே வைத்தாள்.

"தண்ணி படாம வைங்க மாமா" என்றாள்.