1871 என்று அடித்த கை

காலை ஒன்பதுக்கு பியற்றிஸ் கைபேசியை, ரொட்டி வைக்கும் பாண் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார். "உது வெளியில கிடந்தா மன்னாரில இருந்து ஒராள், பாரிசில இருந்து ஒராள் எண்டு எடுத்துக்கொண்டே இருப்பினம்." பிறகு மடிக்கணினியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் உரசும் அளவுக்குக் குனிகிறார். கண்ணாடி படிப்பதற்கல்ல, தலைமயிர் முன்னால் விழாமல் பிடிப்பதற்கு.

வயது ஐம்பத்தெட்டு. லண்டன் கிங்ஸ்பரி வீட்டின் சமையலறை மேசைதான் அலுவலகம். தொழில், சொற்களை இணைப்பது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து முப்பது மொழிகளின் அகராதிகளைக் கணினியில் ஒன்றோடொன்று கட்டுகின்றன. எந்தச் சொல் எங்கே பிறந்து எந்த மொழிக்குக் கடன் போனது என்று அம்புக்குறிகளால் காட்டும் வரைபடம் அதிலிருந்து வரும். கணினி இரண்டு சொற்களைக் காட்டி உறவா என்று கேட்கும். ஓம், இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல ஆட்கள் வேண்டும். பியற்றிஸ் அவர்களில் ஒருவர். போர்த்துக்கேயத்தையும் ஆங்கிலத்தையும் தமிழோடு இணைப்பது இவருடைய பங்கு. ஐரோப்பியச் சொற்கள் நிறைய வந்து தங்கிய வெளிமொழி என்பதால் தமிழுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

போர்த்துக்கேயத்தை இவர் பள்ளியில் படிக்கவில்லை. லண்டன் வரும் வழியில் ஏழு வருடம் லிஸ்பனில் தங்கிவிட்டார், ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில். "முதல் நாள் அங்க மேற்பார்வை பாத்த மனுசி 'தொஆல்யா' எண்டு கத்தினா. நான் துவாயை எடுத்து நீட்டினன். எனக்குப் பாஷை தெரியும் எண்டு நினைச்சிட்டா. அண்டையில இருந்து இரட்டை வேலை." லண்டனில் மாலை வகுப்புகளில் மொழியியல் பட்டம் எடுத்தபோது மூன்றாவது பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கோபம் வந்தால் மேசையைத் துடைப்பார். இவரைப் பற்றி எழுதுவதற்காக நான் போன வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்குள் அந்த மேசை நான்கு தடவை துடைபட்டிருந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை, வெளியீட்டுக்கு முந்தைய வரைபடத்தை எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். பியற்றிஸ் முதலில் கட்டுமரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆங்கிலத்தின் 'கட்டமரான்' என்ற சொல்லிலிருந்து ஓர் அம்பு கிளம்பி, நேராகத் தமிழுக்கு வந்து குத்தியது. ஆங்கிலேயரிடமிருந்து தமிழர் கடன் வாங்கிய சொல்லாம். ஆங்கிலத்தில் 'செரூட்' ஆன சுருட்டும் அப்படியே. மிளகுத்தண்ணியும் அப்படியே. தமிழிலிருந்து வெளியே போன சொற்கள் அறுபத்து நான்கு. அறுபத்து நான்கின் அம்பும் திரும்பி நின்றது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி: இணைத்தவர், பியற்றிஸ் கஸ்பர்.

"மன்னார்ப் பேசாலைக் கரையில என்ர அப்பு கட்டுமரம் வலிச்சவர். அவருக்கு அந்தச் சொல்லை வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்தவனாம். என்ர பேரைப் போட்டுச் சொல்லுறாங்கள், தம்பி!"

பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. ஐரோப்பிய அகராதிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது முதன்முதல் எழுத்தில் வந்த ஆண்டு உண்டு. திட்டத்துக்குக் கிடைத்த தமிழ் அகராதி பாதிரிமார் அச்சிட்ட பழைய ஒன்று; அதில் ஆண்டுகள் இல்லை. ஆண்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. வழிகாட்டியின் பன்னிரண்டாம் பக்கம் சொன்னது: ஆண்டு தெரியாவிட்டால் அகராதி அச்சான ஆண்டை இடவும். பியற்றிஸ் இட்டார். ஆயிரத்து நூற்று முப்பத்தாறு சொற்களுக்கும் 1871.

பழைய ஆண்டு உள்ள மொழி கொடுத்தது, பிந்திய ஆண்டு உள்ள மொழி வாங்கியது. கணினிக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கட்டுமரத்தின் பெயர் ஆயிரத்து அறுநூறுகளிலேயே வந்துவிட்டது. தமிழுக்கோ 1871. கதிரை, அலமாரி, சப்பாத்து எல்லாம் உண்மையிலேயே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை என்பதால் அவற்றின் அம்புகள் சரியாகவே விழுந்தன. அந்தச் சரிதான் மூன்று வருடம் பிழையை மறைத்தது.

"முதல் கிழமையே எழுதிக் கேட்டனான், இந்த ஆண்டு சரிவருமோ எண்டு. வழிகாட்டிப்படி செய்யுங்கோ எண்டு ஒரு வரியில மறுமொழி வந்தது. நானும் பேசாமல் செய்தன். ரெண்டாந்தரம் ஏன் கேக்கேல்ல? அடிச்சது என்ர கைதானே!" ஐந்தாவது தடவையாக மேசையைத் துடைத்தார்.

திங்கள் மாலையே திருத்தங்களை அனுப்பிவிட்டார். ஆனால் எந்தத் திருத்தத்தையும் அந்த மொழி தெரிந்த இன்னொரு இணைப்பாளர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. குழுவில் தமிழ் தெரிந்த இன்னொருவர் இல்லை. அறுபத்து நான்கும் மஞ்சள் நிறத்தில் காத்துக் கிடந்தன. வெள்ளி மாலை ஐந்து மணிக்குத் தரவு பூட்டப்படும். அடுத்த மாதம் வரைபடம் பள்ளிக்கூடங்களுக்குப் போகும்.

அந்த வெள்ளி இரண்டு மணிக்குத் திட்ட மேலாளர் காணொளியில் வந்தார். மென்மையாகப் பேசும் ஆங்கிலப் பெண். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் கஜந்தினி இருக்கிறார், இன்றைக்கே கையெழுத்து வைப்பார் என்றார் பியற்றிஸ். அவர் இணைப்பாளருக்கான நான்கு வாரப் பயிற்சியை முடித்தவர் அல்லவே என்றார் மேலாளர். பியற்றிஸ் ஒலிவாங்கியை அணைத்தார். "அறுபத்து நாலு சொல்லு வாசிக்க நாலு கிழமையோ, கழுதை!" மறுபடி ஒலிவாங்கியைத் திறந்து, மிக நேர்த்தியான ஆங்கிலத்தில், தமக்கு அது புரிகிறது என்றார். இப்படி மூன்று தடவை.

அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். அது எப்போது? நிதி கிடைத்தால் மூன்று வருடத்தில். பிறகு, ஆறுதலாக ஒரு வழி சொன்னார். ஒருவர் தாம் போட்ட இணைப்பைத் தாமே நீக்கலாம். அதற்கு இரண்டாம் ஆள் தேவையில்லை. நீக்கினால் பொய்யான அம்பு மறையும். கட்டமரானுக்குப் பின்னால் 'மூலம் தெரியவில்லை' என்று வரும். ஆனால் நீக்குவதற்குக் காரணம் குறிக்க வேண்டும். பட்டியலில் இருப்பவை மூன்றே: இருமுறை பதிவு, எழுத்துப்பிழை, இணைப்பாளரின் பிழை.

"வழிகாட்டியின் பிழை என்று இல்லையா?" என்று பியற்றிஸ் கேட்டார். இல்லை.

மேலாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். ஐந்து மணிக்கு, 'இணைப்பாளரின் பிழை' என்று குறித்தவை எண்ணப்படும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிழை விட்ட இணைப்பாளருக்கு அடுத்த கட்டத்தில் இடமில்லை. ஆயிரத்து நூற்று முப்பத்தாறு சொற்கள் உள்ள பியற்றிஸின் கணக்கில் ஐம்பத்தாறு வரை பாதகமில்லை. "அதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களை நாங்கள் இழக்க விரும்பவில்லை."

திரை அணைந்ததும் அவர் மேசையைத் துடைக்கவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

காலை ஷிப்ட் முடிந்து, பஸ் சாரதிச் சீருடையோடு கணவர் கஸ்பர் வந்தார். "இன்னும் சண்டை முடியேல்லையோ?"

"நீங்கள் உங்கட பஸ்ஸைப் பாருங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார். கதையைக் கேட்டு முடித்ததும் சிரிப்பு நின்றது. "அப்ப ஐம்பத்தாறை எடும். மிச்சம் எட்டுத்தானே. ஆர் பாக்கப் போறாங்கள்?"

"பள்ளிக்கூடப் பிள்ளையள் பாக்குங்கள்."

"அதுக்காக இருக்கிற வேலையை விடப்போறீரோ? இந்த வயசில உமக்குப் பிடிச்ச வேலை இன்னொண்டு கிடைக்குமோ?"

"கிடைக்காது. எனக்குத் தெரியாதோ?"

மூன்றரைக்கு உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லையும் திறந்தார். 'நீக்கு' என்பதை அழுத்தினார். பட்டியலில் பொருந்தாத முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவது வரிக்கு இறங்கினார். இணைப்பாளரின் பிழை. சுருட்டு. மிளகுத்தண்ணி. விரலால் அழுத்தவில்லை, குத்தினார். மேசை அதிர்ந்தது. கஸ்பர் வைத்த தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

நான்கு இருபதுக்குத் திரையின் மூலையில் 56 என்ற எண் வந்து நின்றது.

"காணும், பியற்றிஸ்," என்றார் கஸ்பர். "இதோட நிப்பாட்டும்."

பியற்றிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சொல்லைத் திறந்தார், மூன்றாவது வரிக்கு இறங்கினார், குத்தினார்.