வியாழக்கிழமை சப்பர்

எமிலியானுஸ் பேரம் பேச வந்தால் போர்கோ வெக்கியோ சந்தையில் செத்த மீனும் கண்ணை மூடிக்கொள்ளும் என்பார்கள். மன்னார் பேசாலையில் பிறந்த மனுஷன். பலெர்மோவுக்கு வந்த புதிதில் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கினார். பிறகு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் ஓர் ஆங்கில விதவையின் வீட்டில் சமையற்காரராகச் சேர்ந்தார். 1994இல் அவர் அங்கே சேர்ந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை எவ்வளவு நீளம் என்றால், ஒரு முனையில் உப்புக் கேட்டால் மறுமுனைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பழம் நறுக்கும் நேரம் வந்துவிடும். அதன் தலைப்பக்கத்தில் அந்த விதவை, சிஞ்ஞோரா டோரத்தி, தனியாக உட்காருவார். இரவு எட்டரைக்கு எமிலியானுஸ் வெள்ளைக் கையுறை மாட்டி, மெழுகுதிரி ஏற்றி, "டின்னர் ரெடி, மேடம்" என்பார். பதினொரு வருஷமாக அந்த மேசையில் அவர் பேசியது அவ்வளவுதான். அதிலேயே அவருக்குப் பெரிய பெருமை.

பெருமையைக் கெடுக்க வந்தவன் வெல்லியென், மொரீசியஸ்காரன். பாட்டன் வைத்த பெயரில்தான் தமிழ், வாயில் இல்லை; இத்தாலியத்தில்தான் கதை. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பிற்பகல் லீவு என்பது ஊர் வழக்கம். அந்த ஒரு பொழுதைப் பார்த்துக்கொள்ள அவனை வைத்திருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குசினி மேசையில் இரண்டு தட்டுகள் கிடந்தன. இரண்டிலும் முட்டைப் பொரியல் மிச்சம்.

"ஆர் இஞ்சை சாப்பிட்டது?"

"மேடமும் நானும்," என்றான் கூலி வாங்க வந்திருந்த வெல்லியென். "சப்பர். வீட்டுச் செருப்போடு வந்து உட்கார்ந்தார். என்ன சிரிப்பு, என்ன கதை!"

எமிலியானுஸுக்குக் காது மடல் சுட்டது. காலைக் கோப்பி கொண்டுபோன கையோடு கேட்டேவிட்டார். "மேடம், எனக்கு டின்னர், அவனுக்குச் சப்பர். ஏன்?"

சிஞ்ஞோரா கோப்பியைக் கலக்கியபடி சொன்னார். "விருந்தாளி வந்தால், உடுத்திக்கொண்டு உட்கார்ந்தால், டின்னர். வீட்டு மனிதர்களோடு சும்மா குசினியில் என்றால் சப்பர். என் கணவர் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்."

அன்றிரவு வீட்டில் மனைவி மரியமலருக்கு முன்னால் வெடித்தார். "பதினொரு வருஷமா நான் விருந்தாளியோ? நேற்று வந்தவன் வீட்டு ஆளாம்!"

"இஞ்சேருங்கோ, என்னைக் கட்டின நாளிலை இருந்து எனக்காக இப்பிடி ஒரு நாள் எரிஞ்சிருப்பியளோ?"

"பகிடி விடாதை."

"நானும் ஒவ்வொரு நாளும் தனியத்தான் சாப்பிடுறன். அதுக்கு இங்கிலீசிலை என்ன பேர் எண்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ."

அடுத்த வியாழன் லீவு கிடைத்தும் அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. சிஞ்ஞோரா வீட்டு எதிர்நடைபாதையில் நின்று குசினி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சிரிப்புக் கேட்டது. அந்தப் புகைச்சலில் அவருடைய சட்டைப்பையில் இருந்த தோடம்பழம் தானாகவே மர்மலேட் ஆகிவிட்டதாம். அதற்கடுத்த வியாழன் பொரிக்கும் சட்டியை ஒளித்துவைத்துவிட்டுப் போனார். வெல்லியென் முட்டையை அவித்தான். பிறகு முட்டையை ஒளித்தார். அவன் ரொட்டியில் பாற்கட்டி வைத்துக் கொடுத்தான். சிரிப்பை ஒளிக்க மட்டும் வழி தெரியவில்லை.

மார்ச் மாதம் சிஞ்ஞோராவின் தங்கை ஐரீன் வந்தார். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு மில் பட்டணத்துக்காரி. வந்த அன்றே மாலை ஆறு மணிக்குக் குசினிக்குள் நுழைந்து சட்டி மூடிகளைத் திறந்து பார்த்தார்.

"இன்றைக்கு டீக்கு என்ன? பசி உயிர் போகிறது!"

"சப்பர், ஐரீன். சப்பர்," என்று பின்னால் வந்த சிஞ்ஞோரா முகம் சிவந்து திருத்திவிட்டு, விறுவிறென்று போய்விட்டார்.

ஐரீன் எமிலியானுஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இங்கேதான் அவளுக்குச் சப்பர். அப்பா மில்லிலிருந்து ஆறு மணிக்கு வருவார். ரொட்டி, வெண்ணெய், பன்றித்தொடை, அவித்த முட்டை, டின்னில் வரும் பீச், கேத்தல் நிறையத் தேநீர். அந்த முழுச் சாப்பாட்டுக்கும் டீ என்றுதான் பேர். டின்னர் எங்களுக்கு மத்தியானம்! பெரிய இடத்தில் கலியாணம் கட்டின பிறகு இவள் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததே இல்லை."

ஐரீன் திரும்பிப் போன புதன்கிழமை எமிலியானுஸ் கையுறையைக் கழற்றிவைத்தார். வேலையே போகலாம் என்று அவருக்குத் தெரியும். வெல்லியென் சிரிக்கவைத்த அந்தக் குசினி மேசையை விட்டுக்கொடுக்கத்தான் மனம் வரவில்லை. ஆறு மணிக்கு ஐரீன் சொன்ன அத்தனையையும் அதில் பரப்பிவிட்டுப் போய், கூடத்துக் கதவடியில் நின்று சொன்னார்.

"டீ ரெடி, மேடம்."

சிஞ்ஞோரா எழுந்து வந்தார். மேசையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "யார் சொன்னது?"

"உங்கடை தங்கச்சி."

சிஞ்ஞோரா பீச் கிண்ணத்தைக் கிட்ட இழுத்தார்.

"பீச் டின்னிலிருந்துதானா?"

"ஓம், மேடம்."

"நல்லது. கதவைச் சாத்துங்கள். நீங்களும் உட்காருங்கள்."

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக எமிலியானுஸ் அந்த வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். சிஞ்ஞோரா முட்டை ஓட்டைத் தட்டியபடி, அப்பாவின் தொப்பியில் ஒட்டிவரும் பஞ்சைப் பற்றிச் சொன்னார். கடைசியில், "வெல்லியெனுக்கு இது தெரிய வேண்டாம்," என்றார். பீச்சைவிட அதுதான் இனித்தது.

ஆறு மணிச் சாப்பாடு ஏழுக்கு முடிந்துவிட்டது. எட்டு மணிக்கே வீட்டு வாசலில் புருஷனைக் கண்ட மரியமலர் திகைத்துப்போனாள். "சொல்லாமல் வந்து நிண்டால் நான் என்னத்தைப் போடுறது?" என்று ஏசிக்கொண்டே தன் சோற்றில் பாதியை அவருக்குத் தள்ளினாள்.

மறுநாள் வியாழன். வேலைக்கு வந்த வெல்லியென் குப்பைக்கூடையில் பீச் டின்னைக் கண்டுவிட்டான்.

"நேற்று ஆறு மணிக்குக் குசினிக் கதவு பூட்டியிருந்ததாமே, காவற்காரன் சொன்னான். மேடம் என்ன சாப்பிட்டார்?"

எமிலியானுஸ் தொப்பியை எடுத்து மெல்லத் தலையில் வைத்தார்.

"டின்னர்," என்றார்.