அட்ராக்டாவின் வயலில் புதைந்த முதல் கார்

நோவாவின் கப்பலுக்கு இடம் காட்ட அட்ராக்டா கில்வாரி மட்டும் இருந்திருந்தால், டைனோசர்கள் அழிந்திருக்காது. "நீ வாலை மடக்கு, நீ ரிவர்ஸ்ல வா, நீ ஒட்டகத்தை ஒட்டி நில்லு" என்று ஒரே மத்தியானத்தில் உலகத்து உயிர்களையெல்லாம் ஏற்றி முடித்து, யானைக்குப் பக்கத்தில் ஒரு மினி பஸ் நிற்கவும் இடம் மிச்சம் வைத்திருப்பார். கடவுளுக்கு அவரைத் தெரியாமல் போனது டைனோசர்களின் கெட்ட நேரம்.

விழா முடிந்த பிறகு வரும் மலருக்குத் தன்னார்வலர்கள் ஆளுக்கு ஒரு பக்கம், ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று விழாக் கமிட்டித் தலைவி டிம்ப்னா சொல்லிவிட்டார். என்னோடு படிக்கும் டெர்வ்லா பாதிரியாரை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நல்ல பெயர் வாங்குவதில் அவசரம். நான் அட்ராக்டாவை எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் அதிகம் தொந்தரவு செய்துகொள்வதில்லை என்பதால், பிழைகள் இருந்தால் டிம்ப்னா திருத்திக்கொள்ளட்டும்.

அட்ராக்டாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வருடம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஆகஸ்டில் எங்கள் பாரம்பரிய விழா வந்தால், மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் வயலை நிர்வகிக்கிறார். வயல் என்று சொல்வது மரியாதைக்காக. பாதி சதுப்பு. மேயப் போகும் பசுக்களே காலை யோசித்துத்தான் வைக்கும். அதில் மூன்று நாளும் கார்களை நிறுத்தி, மூன்று நாளும் முழுசாக வெளியே அனுப்புவது அவர் வேலை. அவர் பொறுப்பேற்றதிலிருந்து இந்த வருடம் வரை ஒரு கார்கூடப் புதைந்ததில்லை. அயர்லாந்தில் எங்கள் மேயோ மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு விழா வயல் கிடைக்காது.

அவருக்குக் கீழே நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு மஞ்சள் கோட்டு, கன்றுக்குட்டியையும் சேர்த்துப் போர்த்தலாம் என்ற அளவில். சட்டம் ஒன்றே ஒன்றுதான், வாசலுக்கு இடது பக்கம் கோரைப்புல் மண்டிய சதுப்பு மூலையைப் பற்றி.

"கோரை மூலைக்கு ஒரு சைக்கிள்கூடப் போகக் கூடாது. புரியுதா? கோல்மன், உன்னைத்தான் கேக்கறேன்."

"ஏன் என்னை மட்டும் கேக்கறீங்க?" என்றேன்.

"மத்தவங்களுக்கு ஒரு தடவை சொன்னா போதும்."

வெள்ளிக்கிழமை ரொட்டிப் போட்டி, சனிக்கிழமை ஐரிஷ் பாட்டும் பிள்ளைகளின் ஆட்டமும், எல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊருக்கே உரியது ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடப்பது. நாற்சந்தியில் பலகை மேடை போடுவார்கள். நான்கு சாலைக்கும் ஒரு ஜோடி, தன் சாலைக்கு முதுகு காட்டி நிற்கும். மலைச் சாலை, கடல் சாலை, கோவில் சாலை, சதுப்புச் சாலை. எட்டுப் பேர் ஆடும் ஆட்டம் அது. ஒரு சாலையில் பிறந்தவர்தான் அந்தப் பக்கத்தில் நிற்கலாம். வெளியாள் நிற்பது, அடுத்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் நாற்காலியில் போய் உட்கார்வது மாதிரி.

சதுப்புச் சாலையில் இப்போது புகை வரும் வீடுகள் இரண்டு. ஒன்று எங்களுடையது. மற்றது அட்ராக்டாவினுடையது.

அட்ராக்டாவும் அவர் தம்பி மலாக்கியும்தான் எங்கள் சாலையின் ஜோடி. சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அவர்கள் அப்பா இருவரையும் மேடையில் ஏற்றிவிட்டாராம். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது மலாக்கி ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்குப் போய்விட்டார். அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பலகையில் அடித்த பூட்ஸ் மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் மேடையின் உயரத்துக்குத்தான் இருந்தேன்.

அதற்கு அடுத்த ஆகஸ்டில் அட்ராக்டா தனியாக மேடை ஏறினார். கையைத் தூக்கினார், இல்லாத கையைப் பிடித்தார், ஆடினார். ஏழு பேரும் ஒரு காற்றும். அதற்குப் பின் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் இதுவும் பழைய சடங்கு போல என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் தேநீரைக் கலக்கிக்கொண்டிருப்பார்கள், சர்க்கரை போடாதவர்களும்.

நான் என்ன செய்தேன் என்றால், அதை வைத்து வேடிக்கை காட்டினேன். பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கைகளுக்கு நடுவில், "காத்து மலாக்கி" என்று ஒரு ஆட்டம். இல்லாத ஆள் எப்படி ஆடுவான் என்று ஆடிக்காட்டுவேன். முகத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அதில் நுணுக்கம். பேருந்தே சிரிக்கும். டெர்வ்லா மட்டும், "நல்லாதான்டா ஆடற, அதான் அசிங்கமா இருக்கு" என்பாள். நன்றாக நக்கல் செய்வதற்கு நன்றாகப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் தோறும் முன்வரிசையில் நின்று பார்த்தேன். மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் கொஞ்சம் பழகியும் பார்த்தேன். நக்கலுக்காகத்தான். மாடுகளைக் கேளுங்கள்.

இந்த வருடம் டிம்ப்னா ஒரு புதுக் குண்டைத் தூக்கிப் போட்டார். பிரான்ஸிலிருந்து எங்கள் சகோதர நகரத்து மேயர் விருந்தினராக வருகிறாராம். மே மாதத்தில் பேருந்து நிறுத்தத்தில் வைத்து அட்ராக்டாவிடம் பேசியதை நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கேட்டோம்.

"மூணரை ஜோடியை மேடைல நிறுத்தி வச்சு அந்த மனுஷருக்கு நான் என்னன்னு சொல்றது, அட்ராக்டா? டவுன் நடனப் பள்ளியில ஒரு ஜோடி கேட்டுக்கிட்டே இருக்காங்க. நல்ல பிள்ளைங்க."

"நல்ல பிள்ளைங்கதான். எந்த ரோடு?"

"ரோடு ரோடுன்னு... அந்த ரோட்டுல ஆள் எங்கம்மா இருக்கு?"

"மலாக்கி வரான்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"இந்த வருஷம் டிக்கெட் எடுத்துட்டான். வரலன்னா நீ யாருக்கு வேணா குடு, நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

அந்த இடத்தை ஒரு முறை வெளியாளுக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அன்றைக்கு அட்ராக்டா பேருந்தை எடுத்தபோது கியர் மாற்றிய சத்தம் மலைச் சாலை வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். மலாக்கியின் அறைக்கு வெள்ளை அடித்தார். மெத்தையையும் கம்பளிகளையும் அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து நாள்கணக்காகக் காய வைத்தார். கறிக்கடையில் பன்றி ரத்தத்தில் செய்யும் கறுப்புப் புட்டிங் சொல்லி வைத்தார், மலாக்கிக்குத்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னார். தபால் கொண்டுவருபவரிடம் சொன்னார். எங்கள் நாயிடமும் சொன்னார், நானே கேட்டேன். பேருந்து ஓட்டும்போது விசில் அடித்தார். மோசமான விசில். அதற்கு நான் ஒரு நக்கலும் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.

விழாவின் இரண்டாம் நாள், சனிக்கிழமை, மலாக்கி வந்து இறங்க வேண்டிய நாள். விமான நிலையத்தில் கார் வாடகைக்கு எடுத்து வருவதாகப் பேச்சு. காலையிலேயே அட்ராக்டா வாசலுக்குப் பக்கத்தில், வயலிலேயே காய்ந்த, மேடான, அருமையான ஓர் இடத்தில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துவிட்டார். பாதிரியாரின் காரே வந்து கேட்டது. "பின்னாடி போங்க சாமி" என்று அனுப்பிவிட்டார்.

"யாருக்கு இந்த ராஜா சீட்டு?" என்று டெர்வ்லா தெரிந்துகொண்டே கேட்டாள்.

"வர்றப்போ பாப்ப." சொல்லும்போது அவர் முகம் எங்களை விடச் சின்னப் பெண்ணுடையது போல இருந்தது.

மத்தியானம் மழை பிடித்தது. கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது அவர் கோட்டுப் பையில் போன் அடித்தது. ஒரு கையால் காதில் வைத்துக்கொண்டார். மறுகை கார்களுக்கு வழி காட்டிக்கொண்டே இருந்தது.

"எங்கடா இருக்க? ... ம் ... ம் ... எப்போ சொன்னாங்க? ... இல்ல இல்ல, வேலைதான் முக்கியம். அவங்க விடலன்னா நீ என்ன பண்ணுவ ... சே, அதெல்லாம் ஒண்ணும் பண்ணல, போர்வைதான் கொஞ்சம் காய வச்சேன் ... ஆமா, மழைதான். வேற என்ன பெய்யப் போவுது இங்க ... சாப்டியா?"

போனை உள்ளே வைத்தார். மேலும் நான்கைந்து கார்களை அனுப்பினார். பிறகு வாசலுக்கு நடந்து போய், கூம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அடுத்து வந்த டச்சுக்காரரின் பெரிய வேனை அந்த இடத்துக்குள் வரச் சொன்னார். "வாங்க வாங்க, நல்ல இடம்" என்றார்.

டெர்வ்லா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. அடுத்த காருக்குக் கை காட்டினேன்.

சாயங்காலம் டிம்ப்னா குடையோடு வந்தார். பாவம், அவருக்கும் கேட்கப் பிடிக்கவில்லை.

"அப்போ... மலாக்கி?"

"வரல. டவுன் ஜோடியை வரச் சொல்லிடு."

"அட்ராக்டா, நான் வேணும்னா மேயர்கிட்ட—"

"வேணாம் டிம்ப்னா. காத்தோட ஆடி ஆடி எனக்கும் கை வலிக்குது."

ஞாயிற்றுக்கிழமையும் தூறல். நான்கு மணிக்கு மேல் டவுன் ஜோடி ஒரு குட்டி வெள்ளைக் காரில் வந்தது. பையனும் பெண்ணும் என் வயதைவிடச் சற்றுக் கூட. வெள்ளைக் காலுறை, பளபளக்கும் பூட்ஸ், நல்ல முகங்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வாசலில் நான்தான் நின்றிருந்தேன். வலது பக்கம் மேட்டில் நிறைய இடம் இருந்தது.

என் கை இடது பக்கம் போனது.

கார் கோரைக்குள் அழகாகப் போய் நின்றது. பிறகு, நின்ற இடத்திலேயே, இன்னும் போனது.

"தம்பி! கார் போவுது!" என்று கத்தினான் பையன்.

"எங்க போவுது?"

"கீழ!"

இறங்கியவர்களுக்கு முழங்கால் வரை சேறு. அந்தப் பெண்ணின் ஒரு பூட்ஸ் சதுப்புக்குள் போனது, இதுவரை திரும்பவில்லை. நல்ல பெண், சிரித்துவிட்டாள். பையன் சிரிக்கவில்லை. டிராக்டருக்கு ஆள் ஓடியது. நாற்சந்தியில் அக்கார்டியன்காரர் ஏற்கெனவே விரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். பிரான்ஸ் மேயர் முன்வரிசையில் உட்கார்ந்தாகிவிட்டது. மூன்று ஜோடி மேடையில். எங்கள் சாலைப் பக்கம் காலி. இந்த முறை காற்றுகூட இல்லை.

அட்ராக்டா வயலின் நடுவிலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. புதைந்த காரைப் பார்த்தார். கோரையைப் பார்த்தார். கடைசியாக என்னை.

"இத்தனை வருஷத்துல என் வயல்ல ஒரு கார் எறங்கினதில்ல."

"காஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்ச."

"தூரத்துலேர்ந்து பாத்தா..."

"பக்கத்து வீட்டுல பொறந்தவன்டா நீ. நடக்கப் பழகினப்போ இதே கோரைல விழுந்து கெடந்தவனைத் தூக்கினது நான்."

டிம்ப்னா மூச்சு வாங்க வந்து நின்றார். "என்ன பண்றது இப்போ? மேயர் உக்காந்தாச்சு!"

அட்ராக்டா மஞ்சள் கோட்டின் ஜிப்பை இறக்கினார். கழற்றி டெர்வ்லாவிடம் கொடுத்தார். "நீ எந்த ரோடு, கோல்மன்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க. சதுப்பு."

"உங்கப்பாவுக்கு இடுப்பு போச்சு. உனக்கு என்ன போச்சு?"

"எனக்கு ஆடத் தெரியாது."

"அப்படியா. அப்போ என் பஸ்ஸுல பின்சீட்டுப் பக்கம் ஆடறது யாரு, புனித பேட்ரிக்கா?"

டெர்வ்லா வானத்தைப் பார்த்தாள். எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

"டிரைவருக்குப் பின்னாடி நடக்கறது தெரியறதுக்குத்தான்டா கண்ணாடி வச்சிருக்காங்க. வா. பூட்ஸை மேடையோரம் தட்டிட்டு ஏறு."

ஏறினேன். முதுகுக்குப் பின்னால் எங்கள் சாலை, இரண்டு வீட்டுப் புகை, அதற்கப்பால் சதுப்பு. அவர் கையைத் தூக்கினார். அந்தக் கை எந்த உயரத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். பிடித்தேன். குளிர்ந்து, சொரசொரப்பாக, கனமாக இருந்தது. காற்றைப் பிடித்த கை இத்தனை கனமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அக்கார்டியன்காரர் பெட்டியை இழுத்தார். முதல் சுற்றில் நான் தப்பு செய்யவில்லை. எதிர்ப் பக்கம் போய் வந்தோம். பிறகு எங்கள் முறை, ஜோடியாக மேடையை முழுசாக ஒரு வட்டம் வருவது. 'வீட்டைச் சுற்றுவது' என்று அதற்குப் பெயர். சுற்றினோம். மூலையில் அவர் வழக்கம்போல உடம்பைச் சாய்த்து ஓர் அடி கூட எடுத்து வைத்தார். நானும் அதற்கேற்ப அகலமாக வெளியே போய்த் திரும்பினேன்.

அவர் கை இறுகியது.

"எதுக்குடா இவ்ளோ அகலமா திரும்பற?" வாய் அசையாமல் கேட்டார். "மலாக்கிக்கு முட்டி போச்சு. பந்து விளையாட்டுல. அதனால அவன் மட்டும்தான் இப்படித் திரும்புவான். உன் முட்டிக்கு என்ன கேடு? அவன் ஆடி நீ பாத்தது ஞாபகம்கூட இருக்காது."

"நீங்க அவ்ளோ எடம் விடுவீங்களே," என்றேன்.

மலைச் சாலை ஜோடி எங்களைத் தாண்டிப் போனது. அடுத்த மூலை வந்தது. மீண்டும் சாய்ந்தார், மீண்டும் அந்த ஓர் அடி. இடம் அங்கேயே இருந்தது, அவர் தம்பியின் அளவில், கொஞ்சமும் சுருங்காமல். நான் அதற்குள் போய்த் திரும்பினேன். எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது, அந்த மஞ்சள் கோட்டு மாதிரி.

"கோல்மன்."

"ம்?"

"அழறியா?"

"கண்ணுல தூசி."

"மழை பெய்யுதுடா," என்றார் அட்ராக்டா. "தூசி எங்கேர்ந்து வரும்?"