மெஷினுக்குப் பூசிய சந்தனம்

எனக்கு நெஞ்சுத் தசைகள் சோர்ந்துபோய் இரண்டு வருடமாகிறது. மூச்சை இழுத்துவிட ஒரு வென்டிலேட்டர் துணைக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்க்கிற பெரிய பெட்டி இல்லை. கைப்பிடி வைத்தது; மடியில் வைத்துக்கொண்டே மலையடிவாரத்துக் காரவள்ளிக்குப் பஸ்ஸில் இறங்கிவிடலாம். மலையில் காற்றடித்தால் கரண்டு போய்விடும், அப்போது உள்ளே இருக்கும் பேட்டரி தாங்கும். பகலில் கொஞ்ச நேரம் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உட்காரலாம். படுத்தால் மாட்டியே ஆக வேண்டும்.

கொண்டுவந்து கொடுத்தவர் பின்பக்கத்துச் சல்லடையைக் காட்டி, "இதுதாங்க மெஷினுக்கு மூக்கு. அடைச்சுராதீங்க" என்றார். அதற்குள் இருக்கும் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் போட வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது. செய்வதெல்லாம் என் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியார் மாதிரி அதட்டுவது நான். "காஞ்சுதா பாத்தியா? மூக்க மூடிராத!" என்பேன். "தெரியுமுங்க" என்பாள், அவ்வளவுதான்.

ஆயுத பூஜையன்று அரிவாள், கொத்து, மிளகு பறிக்கிற ஏணி, மிக்ஸி என எல்லாவற்றுக்கும் அவளே சந்தனம் பூசிப் பொட்டு வைத்தாள். வென்டிலேட்டருக்கு மட்டும் கைப்பிடியில் கடுகளவு குங்குமம். எனக்கு மனசு ஆறவில்லை. ஏணிக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம், என் உயிரைத் தாங்குகிறதுக்கு இவ்வளவுதானா? அவள் பொரி கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனதும் சந்தனக் கிண்ணத்தை இழுத்தேன். முன்னால் ஸ்கிரீனும் பட்டனும். பின்பக்கம் வாகாக இருந்தது. மூன்று விரலால் தாராளமாக இழுத்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு ஏதோ வேலை செய்துவிட்ட பெருமை வேறு. மாஸ்க்கை மாட்டிப் படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அலாரம் அலறியது. காற்று குறைந்துகொண்டே வந்தது. மனைவி ஓடிவந்தாள், பின்னாலேயே பொரித் தட்டோடு பக்கத்து வீட்டுப் பெரியம்மா. மனைவி மூடியைத் திறந்தாள். ஃபில்டர் முழுக்கச் சந்தனச் சேறு. சல்லடையைத் துடைத்து, மாற்று ஃபில்டரைப் போட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

"ஏம்புள்ள, உனக்கு அறிவிருக்குதா? மனுசன் உசுரோட வெளையாடறயே!" என்று பெரியம்மா கத்தினார்.

என் வலது கை விரல்களில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டாள். போர்வையை இழுத்து என் கையை மூடினாள்.

"தெரியாமப் பூசிட்டனுங்க பெரிம்மா."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மாஸ்க்குக்குள் பேசினால் வெளியே ஒன்றும் விளங்காது. நல்லதாகப் போயிற்று என்று ஒரு நொடி நினைத்தேன் பாருங்கள், அந்த நினைப்புக்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடது கையால் மாஸ்க்கை இழுத்துவிட்டு, "பெரிம்மா... நான்தான் பூசுனேன். அவ இல்ல" என்றேன்.

"பேசாதீங்க" என்று மனைவி திரும்ப மாட்டிவிட்டாள்.

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா புள்ள? மூச்சு முட்டற நேரத்துலயும் பொண்டாட்டிய உட்டுக்குடுக்க மாட்டேங்குது சாமி. இந்த மனுசனுக்குப் போயி உன்னாட்ட ஒருத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் அந்தச் சந்தன விரல்களை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். பெரியம்மா கிளம்பிப் போகும்வரை என் வலது கை போர்வைக்குள்ளேயே இருந்தது.