அம்மாவுக்கு ஒரு வருஷம் கீழே

இன்ஜினியரிங் படிப்பை மூன்றாவது செமஸ்டர் பாதியில் விட்டுவிட்டு, டி.சி.யோடு சேவூருக்கு வந்து சேர்ந்தேன். அரியர் மேல் அரியர் சேர்ந்துகொண்டே போனதால் நானாகத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விட்டால் நிம்மதி என்று நினைத்தேன். கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் லீவா என்று கேட்க ஆரம்பித்தார்கள். தீபாவளியும் பொங்கலும் இல்லாத சமயத்தில் என்ன லீவு சொல்வது? முதலில் மழை என்றேன். மழை நின்ற பிறகு காய்ச்சல் என்றேன். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா கஷாயம் வைத்துக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அம்மா பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்துவிடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆரணியில் வகுப்பு என்றாள். சரி என்று தலையாட்டினேன். அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“உன்னத் தனியா அனுப்பினா கோட்டை மைதானத்துல கிரிக்கெட் பாத்துகினு உக்காந்துட்டு வருவ. நானும் சேர்றேன். பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

தறியில் இருந்த அப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். மறுவாரமே இரண்டு பேர் பேரும் பதிவாகிவிட்டது.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அம்மா முதல் பெஞ்சு, நான் கடைசி. அவளுக்குச் சீக்கிரமே சிநேகிதம் பிடித்துவிட்டது. ஓர் அண்ணன் பேங்க்கில் செக்யூரிட்டி, ஓர் அக்கா மருந்துக்கடையில் வேலை. எனக்கோ பெற்ற தாயோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பது பெரிய பேஜாராக இருந்தது. ஒருநாள் வாத்தியார் கேட்ட கேள்விக்கு நான் விழிக்க, அம்மா திரும்பிப் பார்த்து வாயசைத்தாள். வகுப்பே பார்த்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அம்மா சேர்ந்தது எனக்குக் காவலாக. நான் விலகிவிட்டால் காவலுக்கு என்ன வேலை? அவளும் நின்றுவிடுவாள். பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து விலகல் விண்ணப்பம் போட்டேன். உறுதியாகத்தானா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா திட்டவில்லை. சோற்றை வடித்துக்கொண்டே, “நீ வுட்டா வுட்டுக்கோ. எனக்கு இன்னா? அந்த மருந்துக்கடப் பொண்ணு எனக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கும்,” என்றாள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. தறிக்கு அமாவாசைதான் லீவு. ஆக, ஞாயிறு தோறும் அம்மா செய்து வந்த வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. அப்பாவுக்குத் தறி நாடாவில் போடும் நூலைத் தார் சுற்றிக் கொடுக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், குழம்பு கூட்ட வேண்டும். அம்மா பளிச்சென்று புடவை கட்டி, பையை மாட்டிக்கொண்டு, டவுன் பஸ் பிடிக்க நடப்பாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

அப்பாவும் நானும் ஒரு சதி செய்தோம். சாப்பாடு மோசமாக இருந்தால் அவளே வகுப்பை விட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள் என்பது கணக்கு. காரக்குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். அம்மா வந்தாள், உட்கார்ந்தாள், முகம் மாறாமல் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள். நன்றாகத்தான் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் அதே உப்பு. அன்றைக்கு அம்மா சாயங்காலம்தான் வந்தாள். கிளாஸ் ஆட்களோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிக் காலை நீட்டி உட்கார்ந்தாள். அதற்குள் மத்தியானமே அந்தக் குழம்பை அப்பாவும் நானும் மோர் விட்டுப் பிசைந்து தின்று முடித்திருந்தோம். அப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரம் நான் ஒழுங்காகச் சமைத்தேன்.

பரீட்சை நெருங்கியதும் அம்மா என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். நான் ஒதுக்கி வைத்த அதே புத்தகம். தார் சுற்றிக்கொண்டே நான் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். தப்பு விட்டால் நான் திருத்துவேன். ஐந்தொகை என்கிற பேலன்ஸ் ஷீட் எனக்குப் புரிய ஆரம்பித்ததை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு கடையில் கணக்கு வேலை கேட்டுப் போனேன். டிகிரி படிக்கிறாயா என்றார்கள். விட்டுவிட்டேன் என்றேன். எத்தனை தடவை என்றார் உள்ளே இருந்த ஒருவர். வேடிக்கையாகத்தான் கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அம்மாவிடம் மறுபடி சேர்கிறேன் என்றேன்.

சேர்வது அவ்வளவு சுலபமாக இல்லை. விலகினது விலகினதுதான், பழைய பதிவு உயிர் பெறாது, முதலிலிருந்து வா என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இரண்டாம் வருஷம், நான் முதல் வருஷம். செக்யூரிட்டி அண்ணன் என்னை ‘ஜூனியர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். இடைவேளையில் சீனியர்களுக்கு டீ வாங்கிவரும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை கம்மி. கஷாயம் கொடுத்த அக்கா ஒருநாள் பையன் எத்தனாவது வருஷம் என்று விசாரித்தபோது, “எனக்கு ஒரு வருஷம் கீழ,” என்றாள் அம்மா, என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே.

புள்ளியியலில் அவளுக்கு அரியர் விழுந்திருந்தது. எனக்கும் அதே பேப்பர் இருந்ததால் ஒரே ஹாலில் எழுதினோம். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த அம்மா அடிக்கடி என் பக்கம் திரும்பினாள். மேற்பார்வையாளர் வந்து, பையன் பேப்பரைப் பார்க்காதீர்கள் என்று எச்சரித்தார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் அம்மா என்னைத்தான் முறைத்தாள்.

“உன்ன யாருடா பாத்தது? கடிகாரம் உன் தலைக்கு மேல மாட்டிகினு இருந்துச்சு.”

முடிவு வந்தபோது அம்மா தேறிவிட்டாள். நான் தேறவில்லை. அப்பா கேட்டதற்கு, கேள்விகள் கஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது எனக்குத் திட்டு வாங்குவதை விடக் கூச்சமாக இருந்தது. மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் தவறு. மருந்துக்கடை அக்காவின் உதவியோடு அம்மா அதை மாற்றியிருந்தாள். எப்போது மாற்றினாள் என்று கேட்டதற்கு, நீ மறுபடி சேர்ந்த அன்றைக்கே என்றாள்.

இப்போது நான் இரண்டாம் வருஷம், அம்மா மூன்றாம் வருஷம். எனக்குப் புள்ளியியல் பாக்கி இருக்கிறது. சாயங்காலம் தறி நின்ற பிறகு அவள் கேள்வி கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன். தப்பு விட்டால் சிரிக்கிறாள்.